ஆடு தூக்கிய முன்கால்

உடுப்பிட்டியில் வளவுக்குள் ஆடு கட்டி வளர்ப்பவருக்கு இது தெரியும்: பூவரசங்குழையைக் காட்டினால் துள்ளி ஓடிவரும் ஆடு, காலில் முள் குத்தினால் அந்தக் காலை மடித்துத் தூக்கிக்கொண்டு நிற்கும். சுழியோடிகளின் அட்டவணை பிறந்தது அப்படித் தூக்கிய காலில்தான்.

ஸ்கூபா படிக்கும் கையேடுகள் பலவற்றில் அந்த அட்டவணை இருக்கும். எவ்வளவு ஆழம், எத்தனை நிமிடம், ஏறும்போது எங்கே தரிப்பது? பலர் அதை பஸ் நேரசூசிபோல மனப்பாடம் செய்கிறார்கள். அது பிறந்த கதையை முதலில் வாசித்தால் பாதிப் பாடம் அங்கேயே விளங்கிவிடும்.

கடலில் 10 மீற்றர் இறங்க ஒரு வளிமண்டல அமுக்கம் கூடும். சுவாசிக்கும் காற்றிலுள்ள நைதரசன் இரத்தத்திலும் கொழுப்பிலும் கரைந்து சேரும். விறுக்கென்று மேலே வந்தால் அது குமிழியாகும். மூட்டு வலிக்கும், சிலருக்குக் கால் வழங்காமல் போகும். குமிழிதான் காரணம் என்று பிரான்சின் போல் பேர்ட் 1878இல் எழுதினார். மெல்ல வரவேண்டும் என்பது தெரிந்தது. எந்தக் கணக்கில் என்பது தெரியவில்லை.

பிரித்தானியக் கடற்படைக்காக அந்தக் கணக்கைத் தேடியவர் ஜோன் ஸ்கொட் ஹால்டேன். லண்டன் லிஸ்டர் நிறுவனத்தில் ஆடுகளை உருக்கு அறைக்குள் விட்டு அமுக்கத்தை ஏற்றி இறக்கினார். வெளியே வந்த ஆடு முன்காலைத் தூக்கினால் குமிழி கட்டிவிட்டது என்று பொருள்.

2 வளிமண்டல அமுக்கத்திலிருந்து நேரே மேற்பரப்புக்கு வந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை அவர் கவனித்தார். அப்படியானால் அதே விகிதப்படி 4இலிருந்து 2க்கும் வரலாம். மேற்பரப்பின் அமுக்கத்தையும் சேர்த்தால் 30 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் 4, 10 மீற்றரில் 2. அதுவரை ஏறித் தரித்து, நைதரசனை வெளியேறவிட்டு, பிறகு படிப்படியாக மேலே வரவேண்டும். 1906இல் ஸ்கொட்லாந்தின் லொக் ஸ்ட்ரிவனில் டேமன்ட், காட்டோ என்ற இருவர் 210 அடி வரை இறங்கி நலமாக ஏறினார்கள். ஹால்டேனின் 13 வயது மகன் ஜே.பி.எஸ். ஹால்டேனும் அங்கே சுழியோடி உடையில் இறங்கிப் பார்த்தார். அட்டவணை 1908இல் ஆய்வுக் கட்டுரையாக அச்சேறியது.

அந்த இரண்டுக்கு ஒன்று கணக்கு பின்னர் பலமுறை திருத்தப்பட்டது. கையில் கட்டும் கணினியும் இன்று அதன் வழிவந்த கணக்கையே போடுகிறது.

மன்னாரில் கல்லைப் பிடித்து முத்துக்குளிக்க இறங்கியவர்களுக்கு இது தேவைப்படவில்லை. ஒரே மூச்சில் போய் வந்தவர்களின் உடலில் நைதரசன் அவ்வளவாகச் சேர நேரமில்லை. சிலிண்டரோடு கடலட்டைக்கு இறங்குபவர் ஆழத்திலும் மூச்சு விடுகிறார். மூச்சடக்கிப் பழகிய பரம்பரைத் தைரியம் அவருக்குக் கைகொடுக்காது. ஏறும் வழியில் தரித்து நிற்கும் நிமிடங்கள்தான் கைகொடுக்கும்.