தி ஹன்ட் (இணையத் தொடர்)

‘தி ஹன்ட்: தி ராஜீவ் காந்தி அசாசினேஷன் கேஸ்’, சோனி லிவ் தளத்தில் 2025 ஜூலை 4 அன்று வெளியான 7 பகுதி இந்தித் தொடர். இயக்கியவர் நாகேஷ் குகுநூர். பத்திரிகையாளர் அனிருத்யா மித்ரா 2022-இல் எழுதிய ‘நைன்ட்டி டேஸ்’ நூலைத் தழுவியது. ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியைக் கொன்றவர்களைத் தேடி சிபிஐயின் சிறப்புப் புலனாய்வுக் குழு அலைந்த மூன்று மாதங்கள்தான் கதை.

ஸ்ரீபெரும்புதூர் என்றதும் இன்று நினைவுக்கு வருவது ஷிப்ட் மாறும் நேரத்தில் வரிசைகட்டும் கம்பெனி பஸ்கள். இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாயும் ஒரகடம் நிசானும் பின்னாளில் வந்தவை. 1991-இல் அது ராமானுஜர் பிறந்த ஊர். தேர்தல் நேரத்தில் மரகதம் சந்திரசேகர் போட்டியிட்ட தொகுதி. அவருக்கு வாக்குக் கேட்க வந்த ராஜீவ், மே 21 இரவு 10 மணிக்கு மேல், மேடைக்குப் போகும் வழியிலேயே தற்கொலைக் குண்டுக்குப் பலியானார்.

வழக்கின் உயிர்நாடி ஒரு கேமரா. கொலையைப் படமெடுக்க அழைத்துவரப்பட்ட ஹரிபாபு குண்டில் இறந்துபோனார். அவரிடமிருந்த கேமரா சிதையாமல் கிடைத்தது. ஃபிலிமைக் கழுவிப் பார்த்தபோது பத்துப் படங்கள். கையில் மாலையோடு நிற்கும் இளம்பெண் ஒன்றில். வெள்ளை குர்தா பைஜாமாவில், நிருபர்போல் குறிப்பேடு ஏந்திய ஆண் இன்னொன்றில். அந்தப் பெண் தற்கொலைக் குண்டாக வந்த விடுதலைப் புலி தணு, அந்த ‘நிருபர்’ கொலைத் திட்டத்தை நடத்திய சிவராசன். எந்தக் கதாசிரியராவது இப்படி எழுதியிருந்தால், நம்பும்படி இல்லை என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள். வெடிகுண்டு தணுவின் இடுப்பில் கட்டப்பட்டிருந்தது என்பதை உடல் சிதறிய விதத்தையும் துணித் துண்டுகளையும் வைத்துக் கண்டுசொன்னவர் தமிழகத் தடய அறிவியல் துறை இயக்குநர் பி. சந்திரசேகரன். டெல்லியிலிருந்து வந்த அதிகாரிகளின் சாகசமாக மட்டுமே இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அவரை மறந்துவிடுவது வழக்கம்.

சிறப்புக் குழுவுக்குத் தலைமை ஏற்றவர் டி.ஆர். கார்த்திகேயன், தலைமைப் புலனாய்வு அதிகாரி கே. ரகோத்தமன். சென்னையில் ‘மல்லிகை’ என்ற கட்டடம் அவர்களுடைய அலுவலகமானது. ஹரிபாபு வீட்டில் கிடைத்த ரசீது, தணு கையிலிருந்த சந்தன மாலை பூம்புகார் கைவினைக் கடையில் வாங்கியது என்று காட்டியது. ‘ஒற்றைக்கண்’ சிவராசனை வெவ்வேறு வேடங்களில் வரைந்த சுவரொட்டிகள் பேருந்து நிலையங்களில் தொங்கின. ஆகஸ்டில் பெங்களூருக்கு அருகே கோணனகுண்டேயில் அவர் பதுங்கியிருந்த வீடு தெரிந்தது. சயனைடு குப்பியைக் கடித்துவிடுவார்களே, உயிரோடு பிடிக்க வேண்டுமே என்று கமாண்டோக்கள் உத்தரவுக்காகக் காத்துக் கிடந்தார்கள். ஆகஸ்ட் 20 காலையில் உள்ளே நுழைந்தபோது சிவராசன், அவருடைய கூட்டாளி சுபா உட்பட ஏழு பேரும் பிணமாகக் கிடந்தார்கள். அன்று ராஜீவின் பிறந்த நாள்.

இந்தத் தேடலைத் திரைக்குக் கொண்டுவர முயன்ற முதல் இயக்குநர் குகுநூர் அல்ல. ஆர்.கே. செல்வமணி 1990-களில் எடுத்த ‘குற்றப்பத்திரிகை’ தணிக்கையிலும் நீதிமன்றத்திலும் சிக்கி 2007-இல்தான் வெளிவந்தது. ஏ.எம்.ஆர். ரமேஷின் கன்னடப் படம் ‘சயனைடு’ (2006) தமிழில் ‘குப்பி’ ஆயிற்று. கமாண்டோவாக அந்த நடவடிக்கையில் பங்கெடுத்த மேஜர் ரவி, மம்மூட்டியை வைத்து மலையாளத்தில் ‘மிஷன் 90 டேஸ்’ (2007) எடுத்தார். பெயர்களை மாற்றி எடுக்கப்பட்ட ‘மெட்ராஸ் கஃபே’ (2013) எதிர்ப்பினால் தமிழ்நாட்டுத் திரையரங்குகளை எட்டவில்லை.

புதிய தொடரில் கார்த்திகேயனாக அமித் சியாலும் ரகோத்தமனாக நம் பகவதி பெருமாளும் நடிக்கிறார்கள். கோப்பு, தொலைபேசி, வயர்லெஸ் ஒட்டுக்கேட்பு, கை நழுவிப்போன தடயம் என்று விசாரணையின் சலிப்பையும் காட்டும் துணிச்சல் இதற்கு உண்டு, விறுவிறுப்பும் குறையவில்லை. ஆனால் இந்திய அமைதிப்படை இலங்கையில் இருந்த காலத்தில் ஈழத்தில் நடந்தது மேலோட்டமாகவே வந்துபோகிறது. அது தெரியாத பார்வையாளருக்குக் கொலையின் காரணம் பாதிதான் புரியும்.

முந்தைய சில படங்களைப்போல இந்தத் தொடரின் கதையும் கோணனகுண்டேயில் முடிகிறது. வழக்கோ அங்கிருந்துதான் தொடங்கியது. குற்றம் சாட்டப்பட்ட 41 பேரில் 12 பேர் இறந்திருந்தார்கள். 3 பேர் தலைமறைவு. எஞ்சிய 26 பேருக்கும் பூந்தமல்லி தடா நீதிமன்றம் 1998 ஜனவரி 28 அன்று மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்து, நால்வருக்கு மட்டும் தூக்கை உறுதிசெய்தது. தடாச் சட்டப்படியான பயங்கரவாதக் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்றும் சொன்னது. அந்த நால்வரில் நளினியின் தண்டனை 2000-இலும் மற்ற மூவரின் தண்டனை 2014-இலும் ஆயுளாகக் குறைந்தன. அந்த மூவரில் ஒருவரான பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவுசெய்த சிபிஐ அதிகாரி வி. தியாகராஜன், வெடிகுண்டுக்காக வாங்கித் தந்ததாகச் சொல்லப்பட்ட பேட்டரி எதற்கென்று தனக்குத் தெரியாது என அவர் சொன்னதைத் தாம் எழுதாமல் விட்டதாகப் பின்னாளில் ஒப்புக்கொண்டார். ஒரு வாக்கியம்தான். திரைக்கு ஏற்ற உச்சக்காட்சி கோணனகுண்டேயைவிட அதில் அதிகம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

தண்டனை நிலைத்த எழுவரில் பேரறிவாளன் 2022 மே 18 அன்றும், எஞ்சிய அறுவர் அதே ஆண்டு நவம்பர் 11 அன்றும் உச்ச நீதிமன்ற ஆணையால் விடுதலை பெற்றார்கள்.