பிறப்பால் வராத குருத்துவம்: தரங்கம்பாடியின் ஆரோனும் இராஜநாயக்கனும்

விவிலியத்தில் குருத்துவம் பற்றிய மிகத் துணிச்சலான வாதம் எபிரெயர் நிருபத்தின் 7-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. இயேசு யூதா கோத்திரத்தார். அந்தக் கோத்திரத்துக்கும் பலிபீட ஊழியத்துக்கும் மோசேயின் சட்டத்தில் தொடர்பே இல்லை. லேவியர் முறைப்படி எருசலேம் ஆலயத்தின் பரிசுத்த ஸ்தலத்துக்குள் கால் வைக்கவும் அவருக்கு உரிமை கிடையாது. நிருபத்தை எழுதியவர் இதை மறைக்கவில்லை. இதையே தம் வாதத்துக்கு அடித்தளமாக்குகிறார். தாய் தந்தை, வம்ச வரலாறு எதுவும் சொல்லப்படாத மெல்கிசேதேக்கைச் சான்றுக்கு அழைத்து, வம்சத்தால் வரும் உரிமை முடிந்தது என்று தீர்க்கிறார். பாபிலோனிலிருந்து திரும்பியவர்களுள், வம்ச அட்டவணையில் பெயர் காணப்படாதவர்கள் ஆசாரிய ஊழியத்திலிருந்து விலக்கப்பட்டார்கள் என்கிறது எஸ்றா 2-ஆம் அதிகாரம். அதோடு சேர்த்துப் படிக்கும்போதுதான் எபிரெயர் நிருபம் உடைத்தது எவ்வளவு பெரியது என்பது விளங்கும்.

தமிழ்த் திருச்சபை அந்த அட்டவணையை மறுபடி எழுதிக்கொண்டது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1733 டிசம்பர் 28 அன்று தரங்கம்பாடியில் லூத்தரன் மிஷனரிகள் ஆரோன் என்ற உபதேசியாருக்குக் குருப்பட்டம் அளித்தார்கள். இந்தியப் புராட்டஸ்டண்டுகளில் முதல் சுதேசக் குரு அவர். கடலூர்க்காரர், வேளாளர், 1718-இல் ஞானஸ்நானம் பெற்றவர். மிஷனரி சீகன்பால்கு 1706-இல் வந்திறங்கி இருபத்தேழு ஆண்டுகளுக்குள் பட்டத்தைத் தமிழர் கையில் கொடுத்தது சிறிய காரியமல்ல. 1741-இல் தியோகு இரண்டாமவராகப் பட்டம் பெற்றார்.

அதே காலத்தில் தஞ்சைச் சீமையில் ஊழியம் செய்தவர் இராஜநாயக்கன். தஞ்சை மன்னரின் படையில் சேவகராக இருந்தவர். கத்தோலிக்கராக இருந்து, தமிழில் அச்சான வேதத்தைப் படித்து லூத்தரன் சபைக்கு வந்தவர். பறையர் சமூகத்தவர். அவருடைய உழைப்பையும் பக்தியையும் மிஷனரிகள் மெச்சினார்கள். பட்டம் மட்டும் கொடுக்கவில்லை. அவர் கையால் நற்கருணை வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் தயங்குவார்கள், அதனால் திருவிருந்தின் மதிப்பே குறையும் என்று அஞ்சினார்கள். உபதேசியாராகவே அவர் வாழ்ந்து மறைந்தார்.

அந்த அச்சத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆசாரியர் மக்களுக்காக நிற்பவர். மக்களே ஏற்காதவர் எப்படி அவர்களுக்காக நிற்பார் என்ற கேள்வி நியாயமானதாகவே தோன்றும். ஆனால் யாத்திராகமம் 28-ஆம் அதிகாரம் வேறு திசையில் போகிறது. பிரதான ஆசாரியரின் மார்ப்பதக்கத்தில் பன்னிரண்டு கற்கள். கல்லுக்கு ஒரு கோத்திரத்தின் பெயர். பெரிய கோத்திரம், சிறிய கோத்திரம் என்ற வேறுபாடின்றி எல்லாப் பெயர்களையும் அவர் நெஞ்சின்மேல் சுமந்துகொண்டு உள்ளே போக வேண்டும். எந்தக் கோத்திரம் அவரை மதித்தது என்று அங்கே கேட்கப்படவில்லை. லேவியராகமம் 16-இன்படி முதலில் தம் பாவத்துக்காகவே அவர் பலியிட வேண்டும். ஆகவே தூய்மை அவருடைய பிறப்பில் இருப்பதாக அந்தச் சடங்கே ஒப்புவதில்லை. இராஜநாயக்கன் கையிலிருந்து அப்பத்தை வாங்க மறுத்திருக்கக்கூடியவர்களுக்குத்தான் போதனை தேவைப்பட்டது. மிஷனரிகளோ அவர்களுடைய தயக்கத்தையே தகுதிக்கு அளவுகோலாக்கிவிட்டார்கள். இதை நான் வேதனையோடுதான் எழுதுகிறேன், ஏனெனில் தமிழ் வேதத்தை அச்சேற்றி நமக்குக் கொடுத்ததும் அந்தத் தரங்கம்பாடி மிஷன்தான்.

பிறப்பு தகுதியல்ல என்பதால் எவரும் தாமாகவே பட்டத்தை எடுத்துக்கொள்ளலாம் என்றும் ஆகாது. சபையார் எல்லாரும் பரிசுத்தர் என்று வாதிட்ட கோராகின் முடிவு எண்ணாகமம் 16-இல் இருக்கிறது. எபிரெயர் 5-உம், அழைக்கப்படாமல் ஒருவரும் இந்தக் கனத்தை ஏற்பதில்லை என்ற கருத்தைச் சொல்கிறது. அழைப்பைச் சோதித்து உறுதிசெய்ய ஒரு சபை வேண்டும். 1936-இல் பூவிருந்தவல்லியில் தொடங்கிய திரு இருதயக் குருமடம் போன்றவை நெடுங்காலப் பயிற்சியை வற்புறுத்துவதன் நியாயம் அங்கேதான் இருக்கிறது.

அந்தப் பூவிருந்தவல்லியிலிருந்து அம்பத்தூர், ஆவடி, வெள்ளானூர் வரை விரியும் மேற்குப் புறநகரில் இன்று ஜெபவீடுகளும் தன்னாட்சிச் சபைகளும் பரவியிருக்கின்றன. வேலை தேடி வந்து மனை வாங்கிக் குடியேறிய மக்களுக்கு நோயிலும் கடனிலும் முதலில் துணை நிற்பவர் பல நேரம் தெருக்கோடிப் பாஸ்டர்தான். அந்த ஊழியம் ஆசாரிய ஊழியமே என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இத்தகைய சபைகள் சிலவற்றில் பாஸ்டருக்குப் பின் அவர் மகன் என்பது எழுதாத விதியாகிவருகிறது. சபை மனையின் பத்திரமும் குடும்பத்தார் பெயரில் இருந்துவிடுகிறது. சாதியின் வழியாக வந்த அட்டவணை இங்கே வாரிசின் வழியாக வருகிறது. ஆசாரியர் ஏலியின் மகன்கள் பிறப்புரிமையோடு பலிபீடத்தில் நின்றவர்கள்தான். அவர்களுக்காக வேலைக்காரர் காணிக்கை இறைச்சியை முட்கரண்டியால் குத்தி எடுத்துக்கொண்டதை 1 சாமுவேல் 2 மறைக்காமல் சொல்கிறது. ஊழியம் வம்சவழியாக வந்த காலத்திலேயே மோசேயின் காலத்து ஆரோனின் வீட்டாருக்கு நிலத்தில் பங்கில்லை என்று எண்ணாகமம் 18 விதித்திருக்கிறது. வம்ச உரிமையே முடிந்த பிறகு நிற்கும் சபைகளில், மனை சபையின் அறக்கட்டளைப் பெயரில் பதிவாக வேண்டும். மகனுக்கும் அழைப்பு உண்டென்றால், அதைத் தந்தை அல்லாத மூப்பர்கள் சோதித்து அறிவிக்க வேண்டும்.