தனிமதிப்பு எண்ணிக்கைச் சூத்திரப் பிழைகள்

தனிமதிப்பு எண்ணிக்கைச் சூத்திரம் என்பது, விரிதாள் நிரலொன்றில் மீண்டும் மீண்டும் வரும் பதிவுகளை ஒருமுறையே கொண்டு, வெவ்வேறு மதிப்புகளின் எண்ணிக்கையைக் கணிக்கும் விதி. எக்ஸெல்லில் இதன் பூர்வ வடிவம், ஒவ்வொரு பதிவும் வரும் தடவைகளைக் கவுண்டிஃப் சார்பின் வாயிலாக அறிந்து, அவற்றின் தலைகீழ் எண்களைச் சம்புராடக்ட் சார்பால் கூட்டுவது. இடையில் வெற்றறை ஒன்றிருப்பினும் பூஜ்யத்தால் வகுத்த பிழை தோன்றும்.

எனினும் பெரும்பான்மைத் தவறுகளுக்குக் காரணம் சூத்திரமன்று, தரவின் அசுத்தமே. எடுத்துக்காட்டாக, 2019 நவம்பர் 22-இல் திருநெல்வேலியினின்று பிரிந்த தென்காசி மாவட்டத்தின் ஊர்ப்பட்டியலில், குற்றாலம், குத்தாலம் எனவும், சங்கரன்கோவில், சங்கரன்கோயில் எனவும் ஓரூரே இருவடிவில் எழுதப்படின் எண்ணிக்கை மிகும்; பெயரின் இறுதியில் புலனாகாத இடைவெளி நிற்பினும் அவ்வாறே, அதனை டிரிம் சார்பு நீக்கும். தமிழ் எழுத்தில் மற்றொரு சிக்கலும் உண்டு: ஓகாரக்குறி யூனிகோடில் ஒரே குறியீடாகவும் இரண்டின் சேர்க்கையாகவும் அமையக்கூடுமாதலின், பார்வைக்கு அபேதமான சொற்கள் கணினிக்கு வேறாகலாம்.