காப்பி, டீ, கொட்டாங்குச்சி

காப்பி குடிக்கிறவன் யார், டீ குடிக்கிறவன் யார் என்று பார்த்தே ஒருத்தனின் வர்க்கத்தைச் சொல்லிவிடலாம் என்பார்கள். காப்பி எப்படித் தமிழ் நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாச்சு என்பதை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். டீ உழைக்கிற சனங்களின் பானமாச்சு. இதெல்லாம் சரிதான். ஆனால் எதைக் குடிக்கிறோம் என்பதோடு விசாரணையை முடித்துக்கொள்ள நமக்கு வசதியில்லை. எதில் குடிக்கிறோம் என்பதையும் கேட்டாக வேண்டும். பானம் வர்க்கத்தைச் சொல்கிறது. பாத்திரம் சாதியைச் சொல்கிறது.

இந்தப் பானங்களை விளைவித்தது யார்? 19ஆம் நூற்றாண்டில் இலங்கை மலைகளில் வெள்ளைக்காரன் காப்பித் தோட்டம் போட்டபோது தமிழ்நாட்டிலிருந்து கூலிகளாகப் போனவர்களில் பெரும்பகுதி பறையர், பள்ளர், சக்கிலியர். 1869இல் தலைகாட்டிய இலைநோயில் காப்பி அழிந்தது. அதே மலைகளில் தேயிலை நட்டதும் அதே சனங்கள்தான். நீலகிரியிலும் ஆனைமலையிலும் காடழித்துத் தோட்டமாக்கியதில் எங்க ஆட்களின் உழைப்பு உண்டு. கொழுந்து கிள்ளும்போது அந்தக் கையில் எந்தத் தீட்டும் இருக்கவில்லை. அது தூளாகி ஊருக்குள் டீக்கடைக்கு வந்ததும் தீட்டு ஒட்டிக்கொண்டது.

மேல்சாதி வீட்டில் எச்சிலுக்குப் பயந்து டம்ளரைத் தூக்கி அண்ணாந்து குடித்தார்கள். விளிம்பு மடிந்த டம்ளர் அதற்குத் தோதாக இருந்தது. டீக்கடையில் அந்தப் பயம் எங்கள் தலையில் விடிந்தது. எங்க அப்பாயி சொல்லும்: “கொட்டாங்குச்சிய நாமளே கொண்டு போவணும். ஒசரக்கேருந்து ஊத்துவான். குடிச்சிட்டு, கழுவி, கூரையில சொருவிட்டு வரணும். காசு மட்டும் ஒரே காசு.” அந்தக் கடைசி வார்த்தையில் ஒரு பொருளாதாரப் பாடமே இருக்கிறது. காசுக்குத் தீட்டில்லை. கொட்டாங்குச்சி போய்த் தனி கிளாஸ் வந்தது. சில ஊர்களில் அதுவும் போய், எங்களுக்கு மட்டும் தூக்கிப்போடுகிற கப் வந்தது. பாத்திரம் நவீனமாச்சு, பிரிவினை அப்படியே இருந்தது.

1957இல் திருவல்லிக்கேணியில் ஓட்டல் பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை எதிர்த்துப் பெரியார் மறியல் நடத்தினார். தொண்டர்கள் சிறை போனார்கள், சொல் அழிந்தது. அந்தப் போராட்டத்தைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. நகரத்து ஓட்டலில் நாம் உட்கார்ந்து சாப்பிடுவதில் அதற்கும் பங்குண்டு. ஆனால் கிராமத்து டீக்கடையில் பலகையே கிடையாது. கல்லாவில் உட்கார்ந்திருந்தவரும் பார்ப்பனரல்லர். பலகையை அழிக்கத் தார்ச்சட்டி போதும். பக்கத்துத் தெருக்காரன் கையிலிருக்கும் கிளாஸைப் பறிக்க, அவன் கொடுக்கிற கூலியையே இழக்கத் துணிய வேண்டும். பார்ப்பனரல்லாதார் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இந்த இரண்டு கிளாஸும் ஒளிந்துகொண்டன.

சட்டம் இல்லாமலில்லை. உணவு விடுதியின் பொதுப் பாத்திரங்களை ஒருவர் பயன்படுத்த விடாமல் தீண்டாமையின் பேரில் தடுப்பதை 1955ஆம் ஆண்டுச் சட்டமே குற்றமாக்கிவிட்டது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கிடந்தது. விசாரிக்கப் போன மாவட்ட ஆட்சியர், பக்கத்திலுள்ள இறையூர் டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்ததையும் கண்டார். வழக்கு பதிவானது. 67 வருஷச் சட்டம் அந்தக் கடை வாசலை எட்ட, குடிதண்ணீரில் மலம் விழ வேண்டியிருந்தது.

கள ஆய்வுக்குப் போகிற மாணவத் தோழர்களுக்கு ஒன்று சொல்வேன். ஊர்க்காரரிடம் “இங்கே இரட்டை டம்ளர் உண்டா?” என்று கேட்காதீர்கள், இல்லையென்றுதான் சொல்வார்கள். விடியற்காலை டீக்கடை பெஞ்சில் போய் உட்காருங்கள். யார் உட்கார்ந்து குடிக்கிறார், யார் நின்று குடிக்கிறார், யாருக்குக் கப், யாருக்குக் கிளாஸ், குடித்த கிளாஸை யார் கழுவுகிறார் என்று பாருங்கள். பார்த்ததைத் தேதியோடு எழுதுங்கள். நம் வரலாற்றுக்கு ஆவணமில்லை என்கிறவர்களுக்கு அதுதான் ஆவணம்.