சிறுநீரின் நிறத்திலிருந்து சென்சார் வரை: சர்க்கரை அளவின் தாமதக் கதை

ராத்திரி 2.40க்கு என் போன் அலறியது. இன்சுலின் போடும் அப்பா பக்கத்து ரூமில் தூங்குகிறார். அவர் கையில் ஒட்டியிருந்த சென்சார் சர்க்கரை 54 என்றது. ஓடிப்போய் எழுப்பினால், "ஏங்கண்ணு, நல்லாத்தான தூங்கிட்டிருந்தேன்" என்கிறார். விரலில் குத்திப் பார்த்தேன்: 118. சென்சார் இருந்த கை மேலேயே படுத்திருக்கிறார். அழுத்தம் பட்டால் அந்த இடத்தில் ரத்த ஓட்டம் குறைந்து, சென்சார் காட்டும் எண்ணும் இறங்கிவிடுமாம்.

அன்றைக்குத்தான் இதன் வரலாற்றைத் தோண்ட ஆரம்பித்தேன்.

எங்க அப்பாரு காலத்தில் சோதனை என்றால் பெனிடிக்ட் கரைசல்தான். 5 மி.லி. நீலக் கரைசலில் 8 சொட்டு சிறுநீர் விட்டுக் கொதிக்க வைப்பார்கள். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிச் செங்கல் சிவப்புக்கு வந்தால் ரொம்ப அதிகம். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் பேராசிரியர் எம். விஸ்வநாதன் 1948இல் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கிய காலத்திலும் வீட்டில் செய்ய முடிந்த சோதனை இதுதான். ஆனால் ரத்தத்தில் சுமார் 180ஐத் தாண்டினால்தான் பொதுவாகச் சிறுநீரில் சர்க்கரை வரும். அதுவும் சில மணி நேரம் பழைய செய்தி. தாழ்சர்க்கரையைப் பற்றி அது வாயே திறக்காது.

1970இல் அமெரிக்காவின் ஏம்ஸ் கம்பெனி விற்ற மீட்டர் ஒரு கிலோவுக்கு மேல் எடை. ஆனாலும் அது அளந்தது ரத்தத்தை.

1999இல் அங்கே அனுமதி பெற்ற மினிமெட் சென்சார் மறுபடி ரத்தத்தை விட்டு விலகியது. தோலுக்கடியில், செல்களுக்கு நடுவே இருக்கும் திரவத்தில் அளந்தது. மூன்று நாள் பதிவு செய்யும், நோயாளிக்கு எண்ணைக் காட்டாது. டாக்டர்தான் இறக்கிப் பார்க்கணும். 2001இல் அனுமதி பெற்ற குளுக்கோவாட்ச் எண்ணைக் காட்டியது. ஆனால் வேர்த்தால் அளவையே விட்டுவிடும், தோலும் எரியும். நம்ம ஊர் ஏப்ரல் வெயிலில் அதைக் கட்டியிருந்தால்... விடுங்க.

இன்றைய சென்சாரும் அதே திரவத்தில்தான் அளக்கிறது. ரத்தத்தைவிட சுமார் 5 முதல் 10 நிமிசம் பின்தங்கும். அரிசிம்பருப்பு சாப்பிட்டு சர்க்கரை ஏறும்போது குறைத்துக் காட்டும், பரவாயில்லை. இன்சுலினால் வேகமாக இறங்கும்போது கூட்டிக் காட்டும், அதுதான் ஆபத்து. சில சென்சார்களில் பாரசிட்டமால் போட்டாலே எண் ஏறிவிடும். விளம்பரத்தில் "சராசரிப் பிழை 9 சதவீதம்" என்று போடுவார்கள். எங்க வேலையில் சராசரி ரெஸ்பான்ஸ் டைம் சொல்லித் தப்பிக்கிற மாதிரிதான் இது. சர்க்கரை தாழ்ந்திருக்கும் அந்தப் பத்து நிமிசத்தில் பிழை எவ்வளவு என்று சராசரி சொல்லாது.

போன வாரம் மறுபடி அலாரம். "கை மேல படுத்திருப்பேன், நீ போய்த் தூங்கு கண்ணு" என்றார் அப்பா. நானும் கதவு வரை போய்விட்டேன். திரும்பி வந்து விரலில் குத்தினேன். 58.