வீடு வாங்கும் முன் வெள்ளத்தைப் பற்றியும் கேளுங்கள்

2021 டிசம்பரில் பெய்த கனமழையில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா, கிள்ளான், உலு லங்காட் வட்டாரங்கள் நீரில் மூழ்கின. 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்த ஆண்டு வெள்ளத்தால் ஏற்பட்ட மொத்த இழப்பு 610 கோடி ரிங்கிட் என்று நாட்டின் புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. அதில் வீடுகளுக்கு நேர்ந்த சேதம் மட்டும் 160 கோடி ரிங்கிட்.

வீட்டுக் கடன் எடுத்தபோதே காப்புறுதியும் எடுத்தாகிவிட்டது என்று பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அந்தக் காப்புறுதி வெள்ளத்துக்குக் கைகொடுக்குமா என்பது அதன் வகையைப் பொறுத்தது.

முதலில் இடம்

வீட்டைப் பகலில் ஒருமுறை பார்ப்பது போதாது. மாலையில் கனமழை பெய்து ஓய்ந்ததும் போய்ப் பார்த்தால் சாலையில் நீர் தேங்குகிறதா, கால்வாய் நிரம்பி வழிகிறதா என்பது தெரிந்துவிடும். வீட்டுத் தரை சாலையைவிடத் தாழ்ந்திருக்கிறதா, சுவரில் நீர்க்கறை உள்ளதா என்பதையும் கவனிக்க வேண்டும். விற்பவரைவிட, பல ஆண்டுகளாக அங்கே குடியிருக்கும் அண்டை வீட்டாரிடம் விசாரிப்பது நல்லது.

நீர்ப்பாசன, வடிகால் துறையின் ‘இன்ஃபோ பஞ்சிர்’ இணையத்தளத்தில் ஆறுகளின் நீர்மட்டத்தைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். கிள்ளான் போன்ற கரையோரப் பகுதிகளில் கடல் பெருக்கையும் கணக்கில் கொள்ள வேண்டும். பெருக்கு நேரத்தில் ஆற்று நீர் கடலில் எளிதாக வடியாது.

எந்தக் காப்புறுதி எதற்கு?

* தீக் காப்புறுதி: அடிப்படைத் திட்டம் தீ, மின்னல், வீட்டு எரிவாயு வெடிப்பு ஆகியவற்றுக்கே. வெள்ளத்துக்குக் கூடுதல் கட்டணம் செலுத்திச் சேர்க்க வேண்டும். வழக்கமான விகிதம் காப்புத் தொகையில் 0.086 விழுக்காடு. அதன்படி 3 லட்சம் ரிங்கிட் காப்புத் தொகைக்கு ஆண்டுக்கு 258 ரிங்கிட். நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறலாம்.
* வீட்டு உரிமையாளர் காப்புறுதி: கட்டடத்துக்கானது. வெள்ளமும் இதில் அடங்கும். நிலச்சரிவுக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும்.
* வீட்டு உடைமைக் காப்புறுதி: மெத்தை, குளிர்பதனப் பெட்டி, தொலைக்காட்சி போன்ற பொருள்களுக்கானது. வாடகைக்கு இருப்போரும் எடுக்கலாம்.
* எம்.ஆர்.டி.ஏ.: கடன் வாங்கியவர் இறந்தால் கடனை அடைக்கும். வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தால் இதிலிருந்து ஒரு காசும் கிடைக்காது.

அடுக்குமாடி வீடுகளில் கட்டடத்துக்கு நிர்வாகம் காப்புறுதி எடுக்கும். வீட்டுக்குள் இருக்கும் பொருள்கள் அதில் சேரா. தோட்ட வீடுகளில் இருப்போரின் நிலையும் இதுதான்: கட்டடம் தோட்டத்துக்குச் சொந்தம், பொருள்கள் குடியிருப்பவருக்குச் சொந்தம். காருக்கும் வெள்ளப் பாதுகாப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

குறைத்து எடுத்தால் குறைந்தே கிடைக்கும்

காப்புத் தொகை வீட்டின் சந்தை விலை அல்ல. அதைத் திரும்பக் கட்ட ஆகும் செலவு. 4 லட்சம் ரிங்கிட் செலவாகும் வீட்டை 2 லட்சத்துக்கு மட்டும் காப்புறுதி செய்திருந்தால், 40,000 ரிங்கிட் சேதத்துக்கு 20,000 ரிங்கிட்தான் கிடைக்கக்கூடும். வெள்ளச் சேதத்தில் ஒரு பகுதியை உரிமையாளரே ஏற்க வேண்டியும் வரும். பொதுவாக அது காப்புத் தொகையில் 1 விழுக்காடு அல்லது 5,000 ரிங்கிட், இவற்றில் எது குறைவோ அது.

வீட்டுப் பொருள்களைப் படமெடுத்து, ரசீதுகளோடு கைப்பேசியிலும் இணையச் சேமிப்பிலும் வைத்துக்கொள்ளலாம். நீர் வடிந்ததும் சேதத்தைப் படமெடுத்து நிறுவனத்துக்குத் தெரிவித்த பிறகே பொருள்களை அப்புறப்படுத்த வேண்டும்.

முன்பணம் கட்டுவதற்கு முன்

அடிக்கடி வெள்ளம் ஏறும் இடங்களில் காப்புறுதி நிறுவனம் கட்டணத்தை உயர்த்தலாம், வெள்ளப் பாதுகாப்பைத் தர மறுக்கவும் செய்யலாம். ஆகவே வீட்டு முகவரியைக் கொடுத்து, “இந்த வீட்டுக்கு வெள்ளப் பாதுகாப்பு கிடைக்குமா? ஆண்டுக்கு எவ்வளவு?” என்று முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். பதில் ‘இல்லை’ என்றாலோ, கட்டணம் மிக அதிகம் என்றாலோ, அந்த வீடு மலிவாகக் கிடைப்பதன் காரணம் புரிந்துவிடும்.

ஏற்கெனவே வீடு வாங்கியவர்கள் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து அதில் ‘பஞ்சிர்’ என்ற சொல் இருக்கிறதா என்று இன்றே பார்க்கலாம். இல்லையென்றால், மழைக்காலம் தொடங்குமுன் வங்கியையோ காப்புறுதி முகவரையோ அழைத்து அதைச் சேர்க்கச் சொல்ல வேண்டும்.