இயங்குதள மறுநிறுவலில் சொந்தக் கோப்புகளைக் காத்தல்

கணினியின் இயங்குதளம் பழுதாகும்போது அதைச் சரிசெய்வதற்கோ புதிதாக நிறுவுவதற்கோ முன், பயனர் சேர்த்துவைத்த படங்கள், ஆவணங்கள், கணக்குகள் ஆகியவற்றை வேறோர் இடத்தில் பத்திரப்படுத்துவது முதல் வேலை. விண்டோஸை எத்தனை முறை வேண்டுமானாலும் நிறுவலாம். அழிந்த படத்தை மறுபடி எடுக்க முடியாது.

பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் ‘ஃபார்மேட் அடிப்பது’ என்றே சொன்னாலும் வழிகள் பல. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே நிறுவல் கோப்பை இயக்கிப் பழுதுநீக்கினால் கோப்புகளும் மென்பொருள்களும் அப்படியே இருக்கும். ‘ரீசெட்’ வசதியில் கோப்புகளை வைத்துக்கொள்ளும் தேர்வு உண்டு. ஆனால் பயனர் நிறுவிய மென்பொருள்கள் போய்விடும். பென்டிரைவிலிருந்து துவக்கி, ஃபார்மேட் செய்யாமல் அதே பகிர்வில் (பார்ட்டிஷனில்) நிறுவினால் பழையவை ‘விண்டோஸ்.ஓல்டு’ என்ற கோப்புறைக்குள் நகரும். அதை நம்பி இருந்துவிடக் கூடாது. புதிய பதிப்புக்கு மேம்படுத்தும்போது உருவாகும் அதே பெயர்க் கோப்புறையை விண்டோஸ் 10 நாள்களில் தானாகவே நீக்கிவிடுகிறது.

‘சி டிரைவை மட்டும் ஃபார்மேட் பண்ணுங்க, டி டிரைவைத் தொடாதீங்க’ என்று கடையில் சொல்லிவிட்டு வருவது வழக்கம். டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றும் பொதுவாக சி டிரைவில்தான் இருக்கின்றன என்பது அங்கே மறந்துபோகிறது. உலாவியின் புத்தகக்குறிகளும் சேமித்த கடவுச்சொற்களும் ‘ஆப்டேட்டா’ என்னும் மறைந்த கோப்புறையில் இருப்பதால் கண்ணில் படுவதே இல்லை. டேலி போன்ற கணக்கு மென்பொருள்கள் தரவை எந்தக் கோப்புறையில் எழுதுகின்றன என்பதை அந்த மென்பொருளுக்குள்ளேயே பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

தமிழ்க் கோப்புகளுக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. யூனிகோடு பரவலாகும் முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த ஆவணங்கள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகச் சிதறி நிற்கும். ஆவணம் பிழைத்திருந்தும் படிக்க முடியாது. விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ‘ஃபான்ட்ஸ்’ கோப்புறையிலிருந்து அந்த எழுத்துருவையும் சேர்த்து எடுத்துவைக்க வேண்டும்.

விண்டோஸ் துவங்கவே மறுத்தாலும் வட்டு நலமாக இருந்தால் கோப்புகளை எடுத்துவிடலாம். உபுண்டு போன்ற லினக்ஸை நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓடவிட்டு, வெளி வன்வட்டுக்கு நகலெடுப்பது எளிய வழி. விண்டோஸின் மீட்புத் திரையிலேயே இன்னொரு வழி இருக்கிறது: கட்டளைத் திரையில் நோட்பேடைத் திறந்து, கோப்பைத் திறக்கும் பெட்டியில் ‘எல்லாக் கோப்புகளும்’ என்று தேர்ந்தெடுத்தால், அங்கிருந்தே கோப்புறையை நகலெடுத்து ஒட்டலாம். அந்தச் சூழலில் சி டிரைவ் வேறு எழுத்தில் தெரியக்கூடும்.

விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்ட வட்டை இப்படித் திறக்க 48 இலக்க மீட்புச் சாவி தேவை. பல மடிக்கணினிகளில் இந்தப் பூட்டு பயனர் அறியாமலே இயங்குகிறது. சாவி பெரும்பாலும் அவரது மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கணினி நன்றாக ஓடும்போதே அதைத் தாளில் எழுதிவைப்பது நல்லது.

நகலெடுத்ததும் கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் ஒப்பிட்டு, சிலவற்றை வேறொரு கணினியில் திறந்து பார்க்க வேண்டும். ஃபேட்32 முறையில் அமைந்த பென்டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது. திருமண வீடியோக்கள் இங்கேதான் விடுபடுகின்றன. ஒன்டிரைவில் மேகக் குறியுடன் தெரியும் கோப்புகள் வட்டில் இல்லாதவை; அவற்றை முதலில் இறக்கிக்கொள்ள வேண்டும்.

நிறுவும்போது ஆபத்து மிகுந்த இடம் பகிர்வைத் தேர்ந்தெடுக்கும் திரை. அங்கே சி, டி என்ற எழுத்துகள் தெரியாது. பகிர்வின் எண்ணும் அளவுமே முதன்மையாகத் தெரியும். ஒரே அளவுள்ள இரண்டு பகிர்வுகளில் தவறானதை அழித்தவர்கள் பலர். பகிர்வுகளுக்கு முன்பே பெயரிடுவதும், தேவையில்லாத வட்டுகளைக் கழற்றிவைப்பதும் இதைத் தவிர்க்கும்.

அழிந்தது தெரிந்தவுடன் அந்த வட்டில் எதையும் எழுதாமல் கணினியை நிறுத்திவிட வேண்டும். பழைய வகை வன்வட்டில் விரைவு ஃபார்மேட், கோப்புகள் எங்கே இருக்கின்றன என்று குறித்துவைக்கும் அட்டவணையை மட்டுமே அழிப்பதால், ஃபோட்டோரெக் போன்ற மென்பொருள்கள் கோப்புகளை மீட்க வாய்ப்புண்டு. எஸ்எஸ்டி வட்டுகள் அப்படியல்ல. ஃபார்மேட் செய்ததும் ‘டிரிம்’ கட்டளை சென்று, காலியான இடத்தை வட்டே துடைத்துவிடுகிறது. அதன்பின் எந்த மென்பொருளாலும் மீட்பது அநேகமாக இயலாது.